பாலைவனத்தில் தூண்டில்

அரிஸோனாவின் செம்பாறைகளுக்கு அடியில் பழைய விடுதிகள் சில. வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் பிடிக்க வருகிறார்கள். அந்த மீனோ இந்த ஊர் மீனே அல்ல.

'மீனை அறைக்குள் வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள்' என்று குளியலறைக் கதவில் அட்டை தொங்குகிறது. ஜன்னல் திரையை விலக்கினால் சிவப்பு மண். முழங்கால் உயரத்துக்குச் சாம்பல்நிறப் புதர்கள். அவற்றுக்கு அப்பால், பாதி வானத்தை மறைத்துக்கொண்டு செம்பாறைச் சுவர். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குட்டை கிடையாது. ஆனால் தாழ்வாரம் முழுக்க மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டைகள் நீர் சொட்டக் காய்கின்றன. நான்கில் மூன்று அறை வாசல்களில் காருக்குப் பின்னால் ஒரு படகு.

வடக்கு அரிஸோனாவின் மார்பிள் கேன்யன் பகுதி இது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கி.மீ. நெடுஞ்சாலை 89-லிருந்து பிரியும் 89-ஏ, ஆற்றைக் கடந்ததும் வெர்மிலியன் கிளிஃப்ஸ் என்ற செங்குத்துப் பாறைத்தொடரின் காலடியை ஒட்டியே ஓடுகிறது. அந்தச் சாலையோரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், விரல்விட்டு எண்ணக்கூடிய விடுதிகள். லாட்ஜ் என்றதும் நமக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் நாலு மாடிக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். இவை அந்த ரகமும் அல்ல, சொகுசு ரகமும் அல்ல. கல் சுவர், தாழ்ந்த கூரை, மர உத்தரம், இரும்பு நாற்காலி. குளிர்பதன எந்திரம் பழைய லாரி போல உறுமுகிறது. அதை அணைத்தால் உறங்க முடியாது, ஓடவிட்டாலும் உறங்க முடியாது. கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

இவற்றின் கதை 1920களின் கடைசியில் தொடங்குகிறது. காரை எடுத்துக்கொண்டு தேசத்தைச் சுற்றுவது அமெரிக்கர்களுக்குப் புதுமோகமாக இருந்த காலம். சாலையோரம் ஓர் இடத்தில், மலையிலிருந்து உருண்டு வந்த வீட்டளவு பாறைகள் காளான் போல நிற்கின்றன. அவற்றையே கூரையாக வைத்து, கீழே கல் அடுக்கிக் கட்டிய குடிசைகளை இன்றும் பார்க்கலாம். பிளாஞ்ச் ரஸ்ஸல் என்ற பெண்மணி இந்த வழியாகப் போனபோது கார் பழுதாகி நின்றதாகவும், இரவு தங்கிய இடம் பிடித்துப்போய் பின்னர் நிலம் வாங்கி இங்கேயே குடியேறியதாகவும் சொல்கிறார்கள். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தது அங்கேதான். பாறைக் குடிசைக்குள் குனிந்து நுழைந்தால் வெளியே இருப்பதைவிட நன்றாகவே குளிர்கிறது. எனது அறையின் எந்திரத்தைவிடச் சத்தமும் குறைவு.

ஆறு எங்கே என்று கேட்டால் கீழே கை காட்டுகிறார்கள். கொலராடோ நதி சமவெளியைக் கத்தியால் கீறியது போலப் பிளந்து, அந்தப் பிளவின் அடியில் ஓடுகிறது. விளிம்புக்குப் போய் நிற்கும்வரை அப்படி ஒரு நதி இருப்பதே தெரியாது. நவாஹோ பாலத்தின் நடுவில் நின்று எட்டிப் பார்த்தால் 467 அடி ஆழத்தில் பச்சை நிறத்தில் தண்ணீர். 1929 ஜனவரியில் போக்குவரத்துக்குத் திறந்த பாலம் இது. 1995-ல் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் வந்துவிட்டதால் பழையது இப்போது நடக்கிறவர்களுக்கு மட்டும்.

பாலத்துக்கு முன் இருந்தது படகுத்துறை. சில கிலோமீட்டர் மேலே, பாறைச் சுவர்கள் இரு பக்கமும் விலகி வண்டி இறங்க வழிவிடும் ஒரே இடம் அது. 1873-ல் அங்கே படகு விட்டவர் ஜான் டி. லீ. மார்மன் மதப்பிரிவைச் சேர்ந்தவர். 1857-ல் யூட்டாவின் மவுண்டன் மெடோஸில் சுமார் 120 குடியேறிகளைக் கொன்ற கும்பலில் இவரும் உண்டு. தலைமறைவாக இருப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது. 1877-ல் அவரைப் படுகொலை நடந்த அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். மனைவி எம்மா இன்னும் இரண்டு வருடம் படகு ஓட்டினார். 1928 ஜூனில் படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்ததோடு துறை மூடப்பட்டது. பாலம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது. ஒரு கரையில் நின்றுகொண்டு மறுகரைக்குப் போக வேண்டுமென்றால் சாலை வழியாக 800 மைல் சுற்ற வேண்டும். லீஸ் ஃபெரி என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்கே எம்மா வைத்த பண்ணையில் இன்னும் பழமரங்கள் நிற்கின்றன.

விடுதியின் சாப்பாட்டு அறையில் சைவக்காரர்களுக்குக் கஷ்டகாலம். சீஸ் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், இலைதழை. மூன்று நாளும் இதுதான். உணவுப்பட்டியலில் டிரவுட் மீன் இருக்கிறதே, ஆற்றில் பிடித்ததா என்று விசாரித்தேன். பரிமாறிய பெண்மணி சிரித்துவிட்டார். பண்ணையில் வளர்த்து லாரியில் வந்ததாம். இந்த ஆற்று மீனைக் கடையில் விற்க முடியாது. பிடிக்கிறவர்களும் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள். லீஸ் ஃபெரியில் புழு, இறைச்சி போன்ற இரை வைக்கக் கூடாது. செயற்கை ஈயும் உலோகத் தகடும்தான் அனுமதி. கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. மீனுக்குக் காயம் படாமல் கழற்ற வேண்டும் என்பதற்காக. காவிரிக் கரையில் கெளுத்திக்குத் தூண்டில் போட்டுக் குழம்பு வைக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம் மூளையைச் சந்தேகிப்பார்கள்.

இரவில் மேஜைக்கு மேஜை ஒரே பேச்சு. கொசுவைவிடச் சிறிய புழு வடிவத்தில் நூலும் கம்பியும் சுற்றிச் செய்த ஈக்கள் தீப்பெட்டி அளவுப் பெட்டிகளில் வரிசையாக இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தான் சுற்றிய ஈ ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மீனுக்குத் தெரியும் என்றார். முப்பது வருடங்களாக இங்கே வருகிறாராம். அவர் பேச்சில் மீண்டும் மீண்டும் வந்த வார்த்தை, 'அப்போதெல்லாம்'.

காலை ஐந்தரைக்கு வழிகாட்டியின் படகு லீஸ் ஃபெரி துறையிலிருந்து கிளம்பியது. போவது ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில். அணை வரை 25 கி.மீ. சாலை இல்லை, வீடு இல்லை. இரு பக்கமும் பழுப்பும் கறுப்பும் வழிந்த பாறைச் சுவர்கள் மெல்ல மெல்ல உயர்ந்து ஆயிரம் அடி வரை போகின்றன. ஓரிடத்தில் ஆறு குதிரை லாடம் போல வளைகிறது. மேலே விளிம்பில் எறும்புகள் போல மனிதத் தலைகள். உலகம் முழுவதும் நாள்காட்டிகளில் வரும் ஹார்ஸ்ஷூ பெண்ட் அதுதான். அவர்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள், நாங்கள் அவர்களை. தண்ணீரில் கை வைத்தேன். எலும்பு வரை சில்லிட்டது. மேலே பாலைவனம் அடுப்பாக எரிய, கீழே ஐஸ் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம், அத்தனை தெளிவு.

முதல் மீன் ஒன்பது மணிக்கு. ஒன்றரை அடி நீளம். பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு, உடல் முழுக்க மிளகு தூவியது போலப் புள்ளிகள். ரெயின்போ டிரவுட். நீலகிரி அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து பெருக்கினார்களே, அதே சாதி. அங்கே போலவே இங்கும் அது வந்தேறி.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. கொலராடோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் செந்நிறம் கொண்டது என்று பொருள். ஒரு காலத்தில் இந்த ஆறு பெயருக்கேற்றபடி வண்டல் கரைந்த சிவப்புக் குழம்பாக ஓடியது. பனிக்காலத்தில் உறைநிலை அருகில், கோடையில் 27 டிகிரிக்கு மேல். டிரவுட் ஒரு கோடைகூடத் தாங்கியிருக்காது. 1963 மார்ச் 13 அன்று கிளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடினார்கள். 710 அடி உயரக் கான்கிரீட் சுவர். பின்னால் பவல் ஏரி தேங்க ஆரம்பித்தது. முழுதாக நிரம்ப 1980 வரை ஆயிற்று. ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும் ஏரி. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

மின் உற்பத்திக்கான குழாய்வாய்கள் ஏரியின் முழு மட்டத்திலிருந்து 230 அடி கீழே இருக்கின்றன. வெயில் படாத ஆழம். வண்டல் எல்லாம் ஏரியிலேயே படிந்துவிட, வெளியே வந்ததோ வருடம் முழுவதும் 8 முதல் 10 டிகிரி வரையிலான படிகத் தண்ணீர். பாலைவனத்துக்கு நடுவே ஒரு மலை ஓடை தயார். 1964-ல் டிரவுட் குஞ்சுகளை விட்டார்கள். அவை தின்பதற்கு என்று சிறு இறால் இனம் ஒன்றையும் கொண்டுவந்து போட்டார்கள். 1970களின் கடைசியில் பத்து பவுண்டு மீன்கள் கிடைத்தன. செய்தி பரவியது. கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் இரவுத் தங்கலாக இருந்த சாலையோர விடுதிகளில் கூட்டம் சேர்ந்தது. சுவர்களில் தொங்கும் மீன் படங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. ஆசிரியரின் 'அப்போதெல்லாம்' அதுதான்.

ஆக, அணை இல்லையென்றால் டிரவுட் இல்லை. டிரவுட் இல்லையென்றால் இந்த விடுதிகளில் பாதி அறை காலி. அமெரிக்கச் சூழலியலாளர்களுக்கு இந்த அணையைப் போல எரிச்சலூட்டும் அணை வேறு இல்லை. எட்வர்ட் அபி 1975-ல் எழுதிய நாவல் ஒன்றில் வரும் நாலு பேர் இதை வெடிவைத்துத் தகர்க்கக் கனவு காண்பார்கள். தண்ணீருக்கு அடியில் போன கிளென் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது செத்துப்போன உறவினரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். மூழ்காமல் மிச்சமிருப்பது நான் படகில் போன அந்த 25 கி.மீ.தான். அதை வைத்து மூழ்கியதை ஊகித்துக்கொள்ளலாம். எனக்குத் தொண்டை அடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆற்றில் நீர் ஏறுவதும் இறங்குவதும் மழையைப் பொறுத்தல்ல. நகரங்களில் ஏ.சி. எத்தனை ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மின்தேவை ஏறும் நேரத்தில் கூடுதல் நீர் திறப்பார்கள், இரவில் குறைப்பார்கள். தூண்டில்காரர்கள் நம் ஊர் மீனவர்கள் கடலின் வற்றுப்பெருக்கைப் பார்ப்பது போல அணையின் திறப்பு அட்டவணையைப் பார்க்கிறார்கள். பூச்சிகளுக்குத்தான் திண்டாட்டம். நீர்க்கோட்டில் இட்ட முட்டை, சில மணி நேரத்தில் மட்டம் இறங்கியதும் காய்ந்து போகிறது. விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல, 2018 கோடையில் ஒரு சோதனை செய்தார்கள். மின்தேவை குறைந்த சனி, ஞாயிறுகளில் நீர்மட்டத்தை ஆடாமல் வைத்துக்கொள்வது. பூச்சிகளுக்கு வாரவிடுமுறை! மின்வாரியங்களும் பூச்சிகளும் இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்ததாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பூர்வீக மீன்கள் என்ன ஆயின? வழிகாட்டியிடம் இதைக் கேட்டதும் படகில் சற்று நேரம் மௌனம். கொலராடோ நதிப் படுகைக்கே உரிய மீன்களில் ஒன்று ஹம்ப்பேக் சப். தலைக்குப் பின்னால் ஒட்டகம் போலத் திமில். கலங்கல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்பதற்கு ஏற்ற உடம்பு. விஞ்ஞானம் அதற்குப் பெயர் வைத்தது 1946-ல். 1967-லேயே அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. ஆறடி வரை வளரும் கொலராடோ பைக்மின்னோ இந்தப் பகுதியிலிருந்து மறைந்தே போய்விட்டது. ஐஸ் தண்ணீரில் அவற்றின் முட்டை பொரிப்பதில்லை. பொரித்த குஞ்சுகளையும் டிரவுட் தின்கிறது. லீஸ் ஃபெரிக்கு நூறு கிலோமீட்டர் கீழே, வெதுவெதுப்பான நீரோடு வந்து சேரும் லிட்டில் கொலராடோ ஆறுதான் சப் மீனுக்குப் புகலிடம்.

அதைக் காப்பாற்ற 2003 முதல் 2006 வரை அந்தச் சங்கமத்தில் மின்சாரம் பாய்ச்சி டிரவுட்களைப் பிடித்து அகற்றினார்கள். ஆட்சேபம் வந்தது தூண்டில்காரர்களிடமிருந்து மட்டுமல்ல. கிராண்ட் கேன்யனைத் தங்கள் முன்னோர் தோன்றிய புனிதத்தலமாகக் கொண்டாடும் ஸுனி பழங்குடியினர், அங்கே உயிர்களை மொத்தமாகக் கொல்வதை எதிர்த்தார்கள். வந்தேறி மீனுக்காகப் பூர்வகுடிகள் வாதாடியது நம் ஊர் சூழல்வாதிகள்கூட யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அதிகாரிகள் சில சமயம் தூண்டில்காரர்களையே கூலிக்கு அமர்த்துகிறார்கள். ரெயின்போவைவிடப் பெருந்தீனிக்காரரான பிரவுன் டிரவுட் பெருகியபோது, 2020 நவம்பரில் ஒரு மீனுக்குக் குறைந்தது 25 டாலர் தருவதாக தேசியப் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. தலையையும் குடலையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். பிடித்ததை விடுவதே தர்மம் என்று முப்பது வருடம் பழகியவர்கள் தலையை வெட்டிப் பையில் போடத் தயங்கினார்கள் என்றார் வழிகாட்டி. தயங்காதவர்களும் இருந்தார்கள் என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

இப்போது எல்லாக் கணக்கையும் வறட்சி மாற்றிக்கொண்டிருக்கிறது. 2000-க்குப் பிறகு கொலராடோவில் நீர்வரத்து சரிந்தது. பவல் ஏரியின் முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023-ன் தொடக்க மாதங்களில் அது 3,520 அடி அளவுக்கு இறங்கியது. குழாய்வாய்கள் இருப்பது 3,470 அடியில். வெயிலில் சுட்ட மேல்மட்ட நீருக்கும் குழாய்வாய்க்கும் இடையே ஐம்பது அடிதான். 2022-லேயே ஆற்றின் வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஆக்ஸிஜனும் குறைந்தது. டிரவுட்டுக்கு இது காய்ச்சல் கண்டது போல.

வெதுவெதுப்பு சப் மீனுக்கு நல்லதுதானே என்று தோன்றும். நல்லதாகத்தான் இருந்தது. கிராண்ட் கேன்யனின் கீழ்ப்பகுதிகளில் அது பெருகியது. 2021-ல் அபாயப் பட்டியலில் ஒருபடி கீழே இறக்கினார்கள். ஆனால் ஏரியின் மேல்மட்ட நீரோடு வேறொன்றும் டர்பைன் வழியே தப்பி வந்தது: ஸ்மால்மவுத் பாஸ் என்ற கொன்றுண்ணி மீன். ஏரியில் விளையாட்டு மீன்பிடிப்புக்காக விடப்பட்டது. 2022 கோடையில் அணைக்குக் கீழே அதன் குஞ்சுகளைப் பார்த்ததும் விஞ்ஞானிகளுக்குத் தூக்கம் போயிற்று. டிரவுட்டாவது சப்பைக் கொஞ்சம் விட்டுவைக்கும், பாஸ் விடாது. 16 டிகிரிக்கு மேல் போனால் அது முட்டையிடும். எனவே 2024 கோடையில் அணையின் அடிமட்டத்தில் உள்ள மாற்றுக் குழாய்களைத் திறந்து குளிர்ந்த நீரை ஆற்றில் கலந்தார்கள். அந்தக் குழாய்களில் டர்பைன் கிடையாது. அதாவது அவ்வளவு நீரும் மின்சாரம் தராமலே போயிற்று. அறுபது வருடங்களாக எந்தக் குளிர்ச்சி பூர்வீக மீனைக் கொன்றதோ, அதே குளிர்ச்சியை இப்போது அதைக் காப்பாற்றக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டிரவுட்டும் தூண்டில்காரர்களும் விடுதிக்காரர்களும் அந்தச் சாக்கில் பிழைத்தார்கள்.

நான் போன படகில் நாள் முழுக்க நாலு மீன். ஒரு காலத்தில் காலை டிபனுக்குள் இருபது பிடித்ததாகச் சொல்கிறார்கள். மீன் பிடிக்கிறவர்கள் கணக்கில் எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டுமோ அவ்வளவு செய்தாலும் வித்தியாசம் பெரிதுதான். விடுதிக்காரர்கள் இதை வெளிப்படையாகப் பேசுவதில்லை. தாழ்வாரத்தில் காயும் ரப்பர் கால்சட்டைகளுக்கு நடுவே, போட்டோ எடுக்கவும் நட்சத்திரம் பார்க்கவும் வருகிறவர்களுக்கான விளம்பரத்தாள் ஒட்டியிருக்கிறது. நட்சத்திரங்களைப் பற்றி மட்டும் மிகை கிடையாது. பால்வீதி செம்பாறைச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிடக்கிறது. குளிர்பதன எந்திரத்தை அணைத்துவிட்டு வெளியே இரும்பு நாற்காலியில் படுத்தவன் இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மீன் இல்லாத நாள். பேரியா என்ற சிற்றாறு லீஸ் ஃபெரியில் வந்து கலக்கிறது. முந்தைய இரவு எங்கோ பெய்த மழையில் அது செங்குழம்பாக வந்தது. பச்சையும் சிவப்பும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பழைய கொலராடோவின் நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடம் போதும். கிராண்ட் கேன்யனின் மைல்கற்கள் பூஜ்யத்தில் தொடங்குவது இங்கே. ரப்பர் படகுகளில் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரப் பயணம் கிளம்புகிறவர்கள் துறையில் நெரிசலாக நிற்கிறார்கள்.

இங்கே ஓர் அளவை நிலையமும் இருக்கிறது. 1921-லிருந்து ஆற்றை அளக்கிறது. பிலிகுண்டுலு என்றால் காவிரி நினைவுக்கு வருகிற தமிழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1922 ஒப்பந்தப்படி ஆறு மேல்படுகை, கீழ்படுகை என்று பிரிவது இந்த இடத்தில்தான். இந்தப் பேரம் நடந்ததும் ஒரு லாட்ஜில்: சாண்டா ஃபே அருகே உள்ள பிஷப்ஸ் லாட்ஜ். ஆளுக்கு வருடம் 75 லட்சம் ஏக்கர்-அடி. நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி. மேலே உள்ள கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்ஸிகோ மாநிலங்கள் பத்து வருடக் கூட்டுத்தொகை குறையாமல் கீழே விட வேண்டும். கீழே அரிஸோனா, கலிஃபோர்னியா, நெவாடா. கோளாறு என்னவென்றால், நல்ல மழை பெய்த சில வருடங்களின் அளவை வைத்துப் பங்கு போட்டுவிட்டார்கள். இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பிரித்துக்கொண்ட கதை. ஏரிகளை இயக்க 2007-ல் செய்த ஏற்பாடும் 2026 இறுதி வரைக்கானதுதான். அடுத்த ஏற்பாடு பற்றி ஏழு மாநிலங்களும் போடும் சண்டையைக் கேட்டால், பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. ஒரே வித்தியாசம், பஸ் எரியவில்லை.

1922-ல் அந்த மேஜையைச் சுற்றிப் பழங்குடியினர் ஒருவரும் இல்லை.

நவாஹோ பாலத்தின் கீழ்க்கரை முழுதும் நவாஹோ தேசம். சுமார் 70,000 சதுர கி.மீ. பாலத்தைக் கடந்தால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். அரிஸோனா மாநிலம் கோடை நேரத்தை ஏற்பதில்லை, நவாஹோ தேசம் ஏற்கிறது. விடுதியில் ஒன்பது மணி என்றால், நடந்து போய்ச் சேரும் மறுமுனையில் பத்து.

கிளம்பும் நாள் காலை, பாலத்தின் இரும்புச் சட்டங்களில் காண்டர் கழுகுகளைத் தேடிப் பத்துப் பேர் தொலைநோக்கியோடு நின்றார்கள். ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்பதரை அடி இறக்கை விரிப்பு, வழுக்கைத் தலை, தோளில் எண் எழுதிய பட்டை. 1982-ல் உலகத்திலேயே 22 காண்டர்கள்தான் மிச்சம். கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1996 டிசம்பரில் ஆறு பறவைகளை வெர்மிலியன் கிளிஃப்ஸ் மேலிருந்து பறக்கவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட மிருகங்களைத் தின்பதால் தோட்டாவின் ஈயம் உடலில் ஏறி இவை சாகின்றன. நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகளை மாட்டு மருந்து டைக்ளோஃபெனாக் கொன்றதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். 2023-ல் பறவைக் காய்ச்சலில் இந்தக் கூட்டத்தில் 21 போய்விட்டன.

மறுமுனையில் நவாஹோ பெண்கள் மேஜை போட்டு வெள்ளியும் பச்சைநீலக் கல்லும் கோத்த நகை விற்கிறார்கள். கைக்காப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார், இந்தியா என்றேன், கொலம்பஸ் தேடிப் போன ஊர் என்று சொல்லிச் சிரித்தார். இந்தக் கிண்டலைப் பலரிடம் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று தெரிந்தது. மீன் பிடித்தாயா? பிடிப்பதைப் பார்த்தேன். அவர் பிடித்ததே இல்லையாம். ஆற்றுக்கு இறங்கியது சின்ன வயதில் ஒரே ஒரு தடவை.

நவாஹோ தேசத்தில் பத்துக்கு மூன்று வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. 1868 உடன்படிக்கைப்படி தங்களுக்குரிய தண்ணீருக்கு வழிசெய்ய வேண்டியது மத்திய அரசின் கடமை என்று அவர்கள் போட்ட வழக்கு, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. நகைக்காரப் பெண்மணி அந்தத் தீர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய வண்டியின் பின்பக்கம் இரண்டு நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் கயிற்றால் கட்டியிருந்தன. சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டுப் போகும் வழியில் நிரப்ப வேண்டுமாம். நாலு பேருக்கும் ஆடுகளுக்கும் ஐந்து நாள் வரும் என்றார். காப்புக்கு நாற்பது டாலர் சொன்னார். முப்பத்தைந்துக்குக் கொடுத்தார்.